மப்கூத் வீட்டு அறுபது ராக்கெட்

மப்கூத் என்றால் அந்தப் பக்கத்தில் அதிர்ஷ்டக்காரன் என்று அர்த்தம். ஷப்வா மலையடிவாரத்தில் தேன் விற்கிறவனுக்கு அப்படி ஒரு பெயர் அமைந்தது நல்லதுதான். வாங்க வருகிறவன் பெயரைக் கேட்டதுமே பேரத்தில் ஒரு படி இறங்கிவிடுவான். ஆனால் வானொலியில் செத்துப்போன பிறகு அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடமாடுவது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நடந்தது இதுதான். ஜர்தான் பள்ளத்தாக்கில் இலந்தை பூக்கப் போகிறது என்று தகவல் வந்ததும், முதல் நடையாக நாற்பது தேன்கூடுகளைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கூடு என்பது ஒரு ஆள் நீளத்துக்குக் குடைந்த மர உருளை, இரண்டு முனையிலும் வட்ட மூடி. நாற்பதையும் வரிசையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தான். வழியில் ஒரு சின்னப் பள்ளிவாசலைக் கண்டதும், விடியல் தொழுகைக்காக லாரியை எட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனான். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வானம் இடிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால், லாரி நின்ற இடத்தில் தீ நின்றது. மெழுகும் தேனும் எரிந்து, கல்யாண வீடு மாதிரி மணத்தது அந்தத் தீ. அந்த மணத்தைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

மத்தியானச் செய்தியில் சொன்னார்கள்: “ராக்கெட்டுகளை ஏற்றிச் சென்ற வாகனம் அழிக்கப்பட்டது. ஐந்து தீவிரவாதிகள் கொல்லப்பட்டனர்.”

டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கேட்ட மப்கூத், கோப்பையைக் கீழே வைத்தான்.

“போனது நான் ஒருத்தன். செத்தது அஞ்சு பேர். இதுல நான் எத்தனாவது?”

“தேனீயையும் சேத்திருப்பாங்கப்பா,” என்றான் டீக்கடைக்காரன்.

“தேனீயச் சேத்தா லட்சக்கணக்குல வரணுமே. எடுத்த எடுப்புலயே இவ்வளவு இறங்கி வந்துட்டாங்களே, வியாபாரம் தெரியாதவங்க!”

கடையே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டார்கள். நாள் முழுக்க இரைந்துகொண்டே தலைக்கு மேல் சுற்றும் அந்த ஆளில்லா விமானத்தை ஊர் ‘ரீங்காரி’ என்றுதான் சொல்லும். தேனீ வளர்க்கிற ஊருக்கு ரீங்காரம் புதிதில்லை. ஆனால் தேனீ எதற்கு வருகிறது என்று கேட்டால் மப்கூத் சொல்லிவிடுவான். இவள் எதற்கு வருகிறாள் என்று யாருக்கும் தெரியாது.

லாரி போனது போனதுதான். வீட்டுக்குப் பின்னால் இன்னும் அறுபது கூடுகள் இருந்தன. உள்ளூரில் பூ முடிந்துவிட்டது. இன்னும் பத்து நாளுக்குள் ஜர்தானுக்குக் கொண்டுபோகாவிட்டால் இலந்தைத் தேன் கிடையாது. அதைவிட மோசம், பட்டினியில் தேனீயும் கிடையாது. ஆகவே மப்கூத் தன் மனைவியின் தம்பி புரைக்கிடம் போனான். புரைக்கிடம் ஒரு லாரி இருந்தது. ஊரில் யார் எதைக் கேட்டாலும் ஏற்றுகிறவன். போன வருடம் ஒட்டகத்தின் மேல் அலமாரியைக் கட்டி, ஒட்டகத்தையே லாரியில் ஏற்றியவன்.

“மாப்ளே, அறுபது கூடு. ஜர்தான் வரைக்கும்.”

“மச்சான், உனக்காக உயிரையே குடுப்பேன்,” என்றான் புரைக். “அதனாலதான் வரமாட்டேங்கிறேன். கேட்டா நிஜமாவே குடுக்க வேண்டியதாப் போயிடும்.”

“தேன்கூடுடா!”

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணுமே.” அவன் விரல் மேலே போனது. பிறகு குரல் இறங்கியது. “கிணறு வெட்டப் போன மூணு பேர மறந்துட்டியா? கடப்பாரையத்தான் தோள்ல வச்சிருந்தாங்க. செய்தியில ஒம்போது பேர்னாங்க.”

அந்தப் பேச்சு வந்தால் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. மப்கூத்தும் சிரிக்கவில்லை.

“சரி, என்ன செஞ்சா வருவே?”

“அரசாங்கம் ஒரு வரி எழுதித் தரட்டும். எரிஞ்சது ராக்கெட் இல்ல, தேன்கூடுன்னு. அத முன்கண்ணாடியில ஒட்டிக்கிட்டு ஜர்தான் என்ன, சந்திரனுக்கே வரேன்.”

ஒரு வரிதானே என்று மப்கூத் வட்டார அலுவலகத்துக்குப் போனான். அங்கே அதிகாரி முத்தஹர், தலைநகரிலிருந்து வந்தவர்; ஊர் அவரை மரியாதையாக ‘உஸ்தாத்’ என்று கூப்பிடும். வெள்ளை அங்கிக்கு மேல் கறுப்புக் கோட்டு, இடுப்பில் ஜரிகைப் பட்டை, பட்டையில் தாத்தா காலத்து வளைகத்தி. அகில் அத்தர் வாசம் அவருக்கு முன்னால் வந்து உட்காரும், பிறகுதான் அவர் வருவார்.

“தாக்குதல்னு ஒண்ணு நடக்கவே இல்ல,” என்றார் முத்தஹர்.

“சரிங்க உஸ்தாத். அப்ப என் லாரி?”

“அப்படி நடந்திருந்தா, அது சட்டப்படி நடந்திருக்கும்.”

“நடக்காதது எப்படிங்க சட்டப்படி நடக்கும்?”

“நம்ம அரசாங்கத்தோட அனுமதியோட, ஒரு நட்பு நாடு...”

“அந்த அனுமதிக் கடுதாசியக் கொஞ்சம் காட்டுங்களேன்.”

“அப்படி ஒரு கடுதாசியே கிடையாது.”

“அப்ப அனுமதி இல்லாம நம்ம வானத்துல நுழைஞ்சிருக்கான். புகார் எழுதிக்கிறீங்களா?”

“நட்பு நாட்டு மேலயா?”

“அப்ப அனுமதி இருக்கு.”

முத்தஹர் டீயைக் குடித்தார். வாங்குவதற்கு ஒரு தராசு, விற்பதற்கு ஒரு தராசு வைத்திருக்கிற கடைக்காரர்களை மப்கூத் நிறையப் பார்த்திருக்கிறான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பார்க்கிறவரை இப்போதுதான் பார்க்கிறான். மனசுக்குள் ஒரு சலாம் வைத்தான்.

“பெரிய பேச்செல்லாம் எனக்கு எதுக்குங்க? ‘எரிஞ்சது தேன்கூடு’ன்னு ஒரே வரி எழுதிக் குடுங்க.”

“அத எழுதினா எரிஞ்சுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்பா. எரியலையே!”

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். மனைவி ஃபித்தா அடுப்பில் ரொட்டியை ஓங்கி அறைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னாள்: “அவங்க அது ராக்கெட்டுன்னா ராக்கெட்டாவே இருக்கட்டுமே. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. கொல்லையில அறுபது ராக்கெட்ட வச்சிக்கிட்டு நான் எப்படிங்க ரொட்டி சுடறது?”

மப்கூத் அவளையே பார்த்தான். முப்பது வருடம் சந்தையில் பேரம் பேசியவன் அவன். சரக்கு தன் வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு மனு போய்ச் சேர்ந்தது. ‘நாற்பது ராக்கெட்டுகளுடன் வெடித்துச் செத்த தீவிரவாதி மப்கூத் எழுதிக்கொள்வது. என் வீட்டுக் கொல்லையில் இன்னும் அறுபது ராக்கெட்டுகள் உள்ளன. அரசாங்கம் உடனே வந்து கைப்பற்ற வேண்டும். தாமதித்தால், அவை பூவைத் தேடிப் பறந்து போய்விடக்கூடும்.’

அறுபது ராக்கெட் இருக்கிறது என்று எழுத்தில் வந்த மனுவைக் கிழித்துப் போட எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது. மூன்றாம் நாள் காலை முத்தஹர் இரண்டு சிப்பாய்களுடன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஊர் ஆண்கள் ஏற்கனவே வந்திருந்தார்கள். கூட்டமாக அல்ல. மேலேயிருந்து பார்த்தால் கூட்டம் என்று தோன்றக்கூடாது என்பதற்காக இரண்டு பேர் மதில்மேல், இரண்டு பேர் மரத்தடியில், மூன்று பேர் கழுதைப் பக்கத்தில் என்று பிரிந்து பிரிந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஊர் வழக்கு தீர்க்கிற ஷேக் லஹ்மர் மட்டும் பாய் விரித்து, வெற்றிலை மாதிரி மெல்லுகிற காத் இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசுக்கு மேல் பிரிந்து நிற்கத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

“எங்கே அந்த ராக்கெட்?” என்றார் முத்தஹர்.

“அதோ, அடுக்கி வச்சிருக்கேன். ஆனா உஸ்தாத், ஒண்ணு சொல்லிடறேன். கறுப்பு நிறம் அதுகளுக்கு ஆகாது. அத்தர் வாசமும் ஆகாது. கோட்டக் கழட்டிட்டு...”

“ராக்கெட்டுக்கு நிறம் தெரியுமா?”

“என் ராக்கெட்டுக்குத் தெரியும்.”

“அரசாங்கம் கோட்டக் கழட்டிட்டு விசாரணைக்கு வராதுப்பா,” என்று சொல்லி, முத்தஹர் முதல் உருளையின் மூடியைத் தானே திறந்தார்.

மப்கூத் சொன்னதை ஊரே கேட்டது. அதைப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

உள்ளே இருந்தவர்களுக்குக் கறுப்பும் பிடிக்கவில்லை, அத்தரும் பிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வெளியே வந்தன. முத்தஹர் கையை வீசினார். வீசியதும் இன்னும் ஐம்பது வந்தன. சிப்பாய்கள் இருவரும் ஜீப்புக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். முத்தஹர் கோட்டைக் கழற்றி எறிந்தார், தலைத்துணியை எறிந்தார், கழுதையைச் சுற்றி ஓடினார். இதற்குள் ஒரு தேனீ அங்கிக்குள் புகுந்து, இறுகக் கட்டிய ஜரிகைப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்ட தேனீ என்ன செய்யுமோ அதைச் செய்தது.

முத்தஹர் அலறிக்கொண்டே பட்டையை அவிழ்த்தார். வளைகத்தியோடு சேர்த்து அப்படியே அதைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்தார்.

“பிடி! பிடிய்யா!”

பக்கத்தில் நின்றவன் மப்கூத்.

மதில்மேல் இருந்தவர்கள் இறங்கினார்கள். மரத்தடிக்காரர்கள் வந்தார்கள். எத்தனை பேராகச் சேர்ந்து நிற்கிறோம் என்பதையே மறந்து எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அந்த மண்ணில், வழக்கு நடுவில் இருக்கும்போது ஒருவன் தன் வளைகத்தியை எதிராளி கையில் கொடுத்தால் ஒரே அர்த்தம்தான்: தப்பு என் பக்கம், நீ சொல்கிற தீர்ப்புக்கு நான் கட்டுப்படுகிறேன்.

மப்கூத் கத்தியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். விலை படியாது என்று நினைத்த மாட்டை, எதிராளியே கயிற்றோடு கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது அவனுக்கு. குரலை உயர்த்தினான்.

“ஊர் பாத்துச்சா?”

“பாத்தோம்!”

“நான் கேட்டேனா?”

“கேக்கல!”

ஷேக் லஹ்மர் காத் இலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார். “அரசாங்கம் கத்திய ஒப்படைச்சிடுச்சு. ஊர் ஏத்துக்கிட்டாச்சு.”

“ஷேக்!” அங்கிக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டே முத்தஹர் கத்தினார். “தேனீ கொட்டிச்சு! அதனாலதான் குடுத்தேன்!”

“கொட்டினது யாரு? செத்துப்போனவங்களோட சொந்தக்காரங்கதானே? அவங்களுக்கு அந்த உரிமை உண்டு.”

“ஒப்படைக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல!”

“லாரிய எரிச்சவன்கூட தேனீய எரிக்கணும்னு நெனைச்சிருக்க மாட்டான்,” என்றார் ஷேக். “எரிஞ்சிடுச்சே. உஸ்தாத், உங்க தாத்தாவும் மலை நாட்டுல வழக்கு தீர்த்தவர்னு கேள்வி. நான் தப்பாப் பேசறேன்னா சொல்லுங்க.”

தாத்தா பேர் வந்ததும் முத்தஹர் மனசுக்குள் கணக்குப் போட்டார். கொடுத்த கத்தியைப் பிடுங்கலாம். பிடுங்கினால் மாகாணம் முழுக்கச் சந்தைக்குச் சந்தை அதையே பேசுவார்கள். வெறும் இடுப்போடு தலைநகருக்குப் போவதைவிட அங்கியில்லாமல் போகலாம். மெல்லப் பாயில் உட்கார்ந்தார். ஃபித்தா உள்ளேயிருந்து வினிகரில் நனைத்த துணியைக் கொடுத்தனுப்பினாள்.

“என்ன வேணும்?” என்றார் மப்கூத்தைப் பார்த்து.

மப்கூத் சந்தையில் கேட்கிற மாதிரியே கேட்டான், உச்சத்திலிருந்து. “நட்பு நாட்டுத் தூதர் ஒரு காளையோட என் வாசலுக்கு வரணும். தப்புக்கு ஈடா அத வாசல்ல அறுக்கணும். ரேடியோவுல என் பேரச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்.”

“ரேடியோ என் கையில இல்ல. தூதர் என் கையில இல்ல. ராக்கெட் விட்டதும் நான் இல்லப்பா! எனக்கு ஒரு ஜீப்பு, ரெண்டு சிப்பாய், ஒரு ரப்பர் முத்திரை. அவ்வளவுதான்.”

அந்தக் குரலில் முதல் தடவையாக ஒரு சாதாரண மனுஷன் பேசியது மப்கூத்துக்குக் கேட்டது. பேரத்தில் எதிராளி அடிவிலையைச் சொல்லிவிட்டான் என்பதும் கேட்டது.

“சரி. காளைக்குப் பதிலா ஆடு. இன்னைக்கே அறுத்து எல்லாரும் சாப்பிடலாம். மன்னிப்புக்குப் பதிலா அந்த ஒரு வரி.”

“எழுத்து மட்டும் கேக்காதே. நான் எழுதிட்டா, நடக்காதது நடந்ததாயிடும். அப்புறம் என் வேலை நடக்காததாயிடும்.”

மப்கூத் தாடியைத் தடவினான். பத்து நாள் கெடுவில் மிச்சம் ஆறு நாள். “எழுத்து வேண்டாம்னா, ஆள் வேணும். அறுபது கூட்டையும் ஏத்திக்கிட்டுப் போறோம். டிரைவர் பக்கத்து சீட்டுல நீங்க உக்காந்து ஜர்தான் வரைக்கும் வழித்துணையா வரணும். போய்ச் சேந்ததும் கத்திய வாங்கிக்கலாம்.”

“நானா? அந்த லாரியிலயா?” முத்தஹரின் கண்கள் தாமாகவே மேலே போயின. ரீங்காரி இரைந்துகொண்டிருந்தாள்.

“ஏன் உஸ்தாத்? நட்பு நாடுதானே?”

யாரோ கழுதைக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். ஷேக் லஹ்மர் தரையைக் கையால் தட்டினார். “நல்ல தீர்ப்பு. எழுத்து இல்ல, செலவு ஒரே ஒரு ஆடு. வழித்துணைன்னா வழித்துணை.”

முத்தஹர் எழுந்து கொல்லை மூலைக்குப் போய்ப் போனை எடுத்தார். முதலில் கிசுகிசுவென்று பேசினார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. குரல் ஏறிக்கொண்டே போனது.

“பச்சை லாரி. ஆமா, தார்ப்பாய் இல்லாம. உள்ளே தேனீ... தேனீங்க! இல்ல இல்ல, சங்கேத வார்த்தை இல்ல, நிஜத் தேனீ! பறக்குமே, பூவுல உக்காருமே... அறுபது. அறுபது தேனீ இல்ல, அறுபது கூடு! ஐயா, அதையும் சங்கேதம்னு எழுதிடாதீங்க! அவங்ககிட்ட சொல்லிடுங்க. முன் சீட்டுல நான் இருக்கேன். நான்! வெள்ளை அங்கி!”

ஊர் ஒரு சொல் விடாமல் கேட்டது. தாக்குதலே நடத்தாதவர்களுக்கு அரைமணி நேரம் அடையாளம் சொல்லிவிட்டு அவர் திரும்பி வந்தபோது, புரைக் லாரிச் சாவியைச் சுண்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மச்சான், இது கடுதாசிய விட நல்ல கடுதாசி. எப்ப ஏத்தலாம்?”

ஆடு அன்றைக்கே அறுபட்டது. மறுநாள் சாயங்காலம், தேனீக்கள் கூடடைந்ததும் ஏற்றினார்கள். முத்தஹருக்கு அன்று கறுப்புக் கோட்டும் இல்லை, அத்தரும் இல்லை. நடுவில் உட்காரச் சொன்னால், ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்றார். வழி நெடுக வெள்ளை அங்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். மேலே இரைச்சல் கூடும்போதெல்லாம் கையை ஆட்டினார். “உஸ்தாத், அது தெரிஞ்சவங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கு,” என்று புரைக் சொன்ன பிறகு ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார். கரிந்த லாரி கிடந்த இடம் வந்தபோது புரைக் வேகத்தைக் குறைத்தான். முத்தஹர் எட்டிப் பார்த்தார். பாதி எரிந்த மர உருளைகள் விளக்கொளியில் வரிசையாகக் கிடந்தன. நீட்டியிருந்த கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வெயில் ஏறுவதற்குள் ஜர்தானில் இறக்கியாகிவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க இலந்தை மஞ்சளாகப் பொரிந்திருந்தது. மூடியின் துவாரங்களைத் திறந்துவிட்டதும் தேனீக்கள் யாரையும் கேட்காமல் வேலைக்குப் போயின. மப்கூத் சொன்ன சொல்படியே வளைகத்தியைப் பட்டையோடு முத்தஹர் கையில் வைத்தான். அவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டதும் இரண்டு அங்குலம் உயர்ந்தார்.

“புரைக், நீங்க உஸ்தாதக் கொண்டுபோய் விட்டுட்டு வா,” என்றான் மப்கூத், மரியாதையில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பி.

முத்தஹர் லாரி வரைக்கும் போனார். ஏறவில்லை. காலியான பின்பக்கத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

“மப்கூத்.”

“சொல்லுங்க.”

“போன்ல நான் சொன்னது, தேன்கூடு ஏத்தின பச்சை லாரின்னு.”

“ஆமா, ஊரே கேட்டுச்சு.”

“இப்ப இது தேன்கூடு இல்லாத பச்சை லாரி.”

புரைக் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். “அவர் சொல்றது நியாயம்தான் மச்சான். நானும் இப்ப கிளம்பல.”

“மறுபடியும் போன் பண்ணுங்களேன்,” என்றான் மப்கூத்.

“இங்க எங்கப்பா சிக்னல்?” முத்தஹர் அவன் தோளில் கை போட்டார். அலுவலகத்தில் இருந்த வரைக்கும் அந்தக் கை அவ்வளவு தூரம் நீண்டதில்லை. “ஒரு பத்துக் கூடு குடு. திருப்பி அனுப்பிடறேன்.”

“பூக்கிற நேரத்துல பத்துக் கூடா? காலிக் கூடு ரெண்டு தரேன்.”

“காலி உதவாது. மேலேயிருந்து சூடு தெரியுமாம். உயிரோட இருக்கணும். எட்டு.”

“ரெண்டு.”

“ஆறு கூடாவது குடுப்பா!”

“நாலு. அதுக்கு மேல என் தேனீ ஒத்துக்காது. ஆனா உஸ்தாத், சரக்கு கை மாறும்போது ரசீது போடறது எங்க வழக்கம். இன்ன பொருள் வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து. பொருளோட பேர் சரியா இருக்கணும், நாளைக்கு வழியில எவனாவது கேட்டா உங்களுக்கும் நல்லது.”

முத்தஹர் அங்கிப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். புரைக்கின் முதுகை மேசையாக்கி எழுதினார். ‘மப்கூத் என்பவரிடமிருந்து பெற்றுக்கொண்டது: தேன்கூடு, நான்கு.’ நீட்டினார்.

மப்கூத் வாங்கவில்லை. “அதே மாதிரி கூடுன்னு போடணுமே. எரிஞ்ச லாரியில இருந்ததே, அதே மாதிரி.”

மேலே, மிக உயரத்தில், ரீங்காரம் கேட்டது. தேனீயா, அவளா என்று மூன்று பேரும் காதைக் கூர்மையாக்கினார்கள். தேனீதான். அதற்குள் முத்தஹரின் பேனா நகர்ந்துவிட்டது. ‘சென்ற வாரம் சாலையில் எரிந்த நாற்பதைப் போன்றவை. ராக்கெட் அல்ல.’ கீழே கையெழுத்து. கோட்டுப் பையில்தான் முத்திரை வைத்திருப்பார் என்று மப்கூத் நினைத்திருந்தான். அது அங்கிப் பையிலேயே இருந்தது; எடுத்துக் குத்தினார்.

புரைக் காகிதத்தை வாங்கி, நாக்கால் ஈரம் பண்ணி முன்கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை. மப்கூத் அடையிலிருந்து ஒரு விரல் தேன் எடுத்து மூலைக்கு மூலை தடவிக் கொடுத்தான்.